சரிவு: பதினான்குக்கு ஒன்று

செப்டம்பர் 8, திங்கள்

காலை ஒன்பதரைக்கு ஏற்காடு வந்து சேர்ந்தேன். நாகலூர் தாண்டி எங்கள் நிலத்துக்குத் திரும்பும் வளைவில் என் மகள் இளவேனில் ஜீப்போடு காத்திருந்தாள். என் பெட்டியைத் தூக்கிக்கொண்டவள், கனத்தைப் பார்த்து உள்ளே என்ன என்று கேட்டாள். கல்லூரி ஆய்வகத்தின் சுருள்வில் தராசு, இரும்பு அளவுகோல், ரசமட்டம் என்றேன். வேனில் சிரித்தாள். ஆராயத்தானே வந்திருக்கிறேன்?

நிலைமையை ஒரு முறை எழுதி வைக்கிறேன். இந்த எண்பது சென்ட் நிலம் என் அம்மா வழியில் எனக்கு வந்தது. வேனில் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு, மலைக்கு வருபவர்கள் தங்குவதற்கு இங்கே கேரவன்களை நிறுத்த வேண்டும் என்கிறாள். முதல் கேரவனை வாங்கிவிட்டாள். அனுமதிக்கு விண்ணப்பிக்க, நிலத்தை அவளுக்குக் குத்தகைக்கு விட்டதாக என் கையெழுத்து வேண்டும். ஒரு மாதம் உடன் இருந்து பார்க்கிறேன், அக்டோபர் பத்தாம் தேதி ஆம் அல்லது இல்லை என்று சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இல்லை என்றால் அவள் பெங்களூருக்குத் திரும்ப வேண்டும். பழைய அலுவலகம் பதினைந்தாம் தேதி வரை இடம் வைத்திருக்கிறது.

மாலை அவர், வேனிலின் அப்பா, தொலைபேசியில் அழைத்தார். "என் ஆபரேஷனுக்கே மூணு நாள்தான் லீவு போட்ட. இப்ப ஒரு மாசமா?" என்றார். குடலிறக்கத்துக்கு மூன்று நாள் போதுமானது என்று சொன்னேன்.

கேரவன் என்றால் நம் ஊரில் நடிகர்கள் முகம் கழுவும் வண்டி. இது அப்படி இல்லை. இரண்டு சக்கரம் வைத்த வெள்ளைப் பெட்டி. ஜீப் இழுத்து வரும். உள்ளே இருவர் படுக்கலாம், ஓர் அடுப்பு, ஆள் நுழையும் அளவில் ஒரு கழிப்பறை. ஜீப்பைக் கழற்றிவிட்டால் சரிவில் தனியாக நிற்கும், மூக்கு மேட்டைப் பார்த்தபடி. பின் சன்னலில் எட்டிப் பார்த்தேன். கீழே காப்பிச் செடிகள், அதற்குக் கீழே சாலை வளைவு, வளைவில் பேருந்து நிறுத்தம். காத்திருப்பவர்களின் தலைகள் வரிசையாகத் தெரிந்தன.

சக்கரங்களுக்கு அடியில் இரண்டு கருங்கற்கள். அவ்வளவுதான்.

உருண்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். உருளாது என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "இதுவரைக்கும் உருளலயேம்மா." இந்தப் பதிலை இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தேர்வுத் தாள்களில் சிவப்பு மையால் அடித்து வருகிறேன். அதையும் சொன்னேன்.

"சரி, அப்ப கல்லுக்குப் பதிலா நீயே நல்ல கட்டையா பாத்து வாங்கிக் குடு" என்றாள். ஒப்புக்கொண்டேன்.

செப்டம்பர் 9

தண்ணீர்க் குழாயும் அளவுகோலும் வைத்துச் சரிவை அளந்தேன். பதினான்கு அடிக்கு ஓர் அடி இறக்கம். வண்டி, சாமான்களோடு தொள்ளாயிரத்து நாற்பது கிலோ. ஆக, கீழ்நோக்கி இழுக்கும் விசை அறுபத்தேழு கிலோவின் எடை. நடுத்தர உடம்புள்ள ஓர் ஆள் சாப்பிடாமல், தூங்காமல், வண்டியைச் சாலைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வேனிலின் அப்பாவுடைய எடை அறுபத்தெட்டு. வேனிலிடம் சொன்னேன். "அப்பாதான் தள்றாருன்னு சொல்ல வர்றியா?" என்று கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தாள். நான் எண்ணை மட்டும்தான் சொன்னேன்.

கை பிரேக்கின் கேபிள் நீண்டு தளர்ந்திருக்கிறது. இழுத்தாலும் பிடிப்பில்லை. புதியது கோவையிலிருந்து வர வேண்டும். மூலைக்கு ஒன்றாக நான்கு இரும்புக் கால்கள் உண்டு. அவை வண்டியின் ஆட்டத்தை நிறுத்தும், ஓட்டத்தை நிறுத்தாது. எனவே எல்லாம் கட்டையின் பொறுப்பு.

செப்டம்பர் 11

இங்கே சமையலும் துப்புரவும் சின்னப்பொண்ணு. பக்கத்து ஊர், வயது நாற்பத்திரண்டு. கணவர் லாரி ஓட்டுகிறார். பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தமில்லை; ஒரு கையில் காஸ் சிலிண்டரைத் தூக்குகிறாள். என்னை டீச்சரம்மா என்கிறாள். பேராசிரியர் என்று திருத்தவில்லை.

மலைப் பாதையில் லாரி நின்றால் பின் சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள், கிளம்பும்போது எடுத்துப் போடாமல் நடுச்சாலையிலேயே விட்டுவிடுவார்கள், அதில் இடறி விழும் இரு சக்கர வண்டிக்காரர்களுக்குக் கணக்கில்லை என்று சொன்னாள். அவள் கணவர் அப்படி இல்லையாம். அவருடைய கட்டையில் ஒரு கயிறு கட்டியிருக்குமாம். "கை சக்கரத்துக்கு அடியில போவக் கூடாதுங்க டீச்சரம்மா. கயித்தப் புடிச்சு இழுத்தா கட்டை வந்துரும், கை நம்மகிட்டயே இருக்கும்."

நல்ல யோசனை. குறித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சேலத்தில் தெரிந்தவர் மூலம் ஒரு கனரக வண்டி உதிரிபாகக் கடையைத் திறக்கச் சொல்லிப் போனோம். கடைக்காரர் வேனிலைப் பார்த்துப் பேசாமல் என்னைப் பார்த்தே பேசினார். என்ன வண்டி, டிப்பரா என்றார். கேரவன் என்றேன். ஷூட்டிங்கா என்றார். என் மகளுடைய வண்டி என்றேன்.

"பொண்ணு நடிக்குதுங்களா?"

"ஓட்டுது."

அதற்குப் பிறகு அவளைப் பார்த்துப் பேசினார்.

நான்கு வகை வாங்கினோம். மஞ்சள் பிளாஸ்டிக், மடக்கு இரும்பு, மரம், ரப்பர். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டை மட்டும். எதையும் விற்பவர் சொல்லை வைத்து முடிவு செய்யப் போவதில்லை. மீதியைத் திருப்பித் தருவோம் என்று சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. வேனில் ஏதோ சொல்லிச் சரிக்கட்டினாள். அந்தக் கலை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என்னிடமிருந்து இல்லை.

செப்டம்பர் 17

இரண்டு நாள் சோதனை. முறை இது: கட்டையின் மேல் இருபது கிலோ அரிசி மூட்டையை வைக்க வேண்டும். கட்டையின் கயிற்றில் சுருள்வில் தராசை மாட்டி இழுக்க வேண்டும். எத்தனை கிலோவில் கட்டை நகரத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். வேனில் சக்கரங்களுக்காக இரண்டு சிமெண்ட் பட்டைகள் போட்டிருக்கிறாள். அதன் மேல் காய்ந்த நிலையில், நனைந்த நிலையில், சேறு பூசி, சில்வர் ஓக் சருகு பரப்பி, நான்கு விதமாகவும் செய்தேன். ஒவ்வொன்றும் ஐந்து முறை.

பிளாஸ்டிக், நனைந்த சிமெண்டில் ஐந்து கிலோவுக்கே வழுக்கிவிட்டது. படம் பார்த்து வாங்குபவர்களுக்கு உகந்தது. இரும்புக்கு அடியில் பற்கள் உண்டு. மண்ணில் நன்றாகக் கடிக்கிறது, சிமெண்டில் கிறீச்சிடுவதோடு சரி. மரக்கட்டை பரவாயில்லை, ஆனால் சக்கரத்தை ஏற்றியதும் முனை பிளந்தது. கருங்கல்லை மறந்துவிடக் கூடாது என்று அதையும் சோதித்தேன். கல் நகரவில்லை. ஆனால் சக்கரம் கல்லை ஒரு புள்ளியில் மட்டுமே தொடுகிறது. ஓர் உதை விழுந்தால் சக்கரம் ஏறித் தாண்டிவிடும்.

ரப்பர்: காய்ந்த நிலையில் பதினைந்து கிலோ, நனைந்தால் பதினொன்று, சேற்றில் ஒன்பது, சருகில் பத்து. சக்கரத்தின் உயரம் இருபத்தாறு அங்குலம், கட்டை அதில் கால் பங்கு. முகப்பு சக்கரத்தின் வளைவுக்கு ஏற்பக் குழிந்திருக்கிறது. ரப்பர்தான்.

சின்னப்பொண்ணு அரிசி மூட்டையைத் திரும்பக் கேட்டாள். இரண்டு நாளாகப் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிச் சமைத்திருக்கிறாள். யாரும் என்னிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 19

இன்று வண்டியைச் சுத்தம் செய்யச் சாலைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். இழுவை வண்டியைப் பின்னோக்கித் தள்ளுவது சாதாரணமல்ல. வண்டி இடப்பக்கம் போக ஜீப்பை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் இரண்டும் மடங்கி முட்டிக்கொள்ளும். எங்கள் மண் பாதை வண்டியைவிட ஒரு முழம்தான் அகலம். வளைவில் மிளகு ஏற்றிய லாரி ஒன்று வழி கிடைக்காமல் நின்றது. ஓட்டுநரும் இன்னொருவரும் இறங்கி, வேடிக்கை பார்க்கக் கைகட்டி நின்றார்கள்.

ஒரே முயற்சி. நான்கு நிமிடம். இரு சக்கரமும் சிமெண்ட் பட்டையின் நடுவில்.

லாரி ஓட்டுநர் கட்டிய கையை அவிழ்த்துவிட்டு என்னிடம், "உங்க பொண்ணுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. ஆமாம் என்பதை இரண்டு முறை சொன்னதாகச் சின்னப்பொண்ணு பிறகு சொன்னாள்.

செப்டம்பர் 22

இறுதிச் சோதனை. இன்னும் மூன்று வாங்கியதில் இப்போது நான்கு ரப்பர் கட்டைகள், ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழ்ப்பக்கம் ஒன்று, மேல்பக்கம் ஒன்று. எல்லாவற்றிலும் கயிறு. வண்டிக்குள் மணல் மூட்டைகளை ஏற்றி, சிமெண்டை நனைத்து, ஜீப்பைக் கீழ்ப்பக்கம் கட்டி இழுக்கச் சொன்னேன். ஜீப்பின் சக்கரங்கள் மண்ணைப் பறித்துச் சுழன்றன. வண்டி அசையவில்லை.

சின்னப்பொண்ணு கை தட்டினாள். வேனில் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து கட்டையைக் காலால் தட்டிப் பார்த்து, "சூப்பர்ம்மா" என்றாள். நடைமுறையை எழுதி, நாங்கள் தங்கும் கொட்டகையின் கதவில் ஒட்டினேன்: தினமும் காலை ஏழு மணிக்கு மேல்பக்கத்துக் கட்டை ஒன்றை எடுத்துத் தராசில் சோதிக்க வேண்டும், பதினொன்றுக்குக் குறைந்தால் யாரும் உள்ளே ஏறக் கூடாது.

இரவு நன்றாகத் தூங்கினேன் என்று நாளை எழுத வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

செப்டம்பர் 23

தூங்கினேன்.

செப்டம்பர் 25

வேனில் மண்வெட்டியோடு காலையிலிருந்து குழி வெட்டினாள். சக்கரங்களிலிருந்து இரண்டரை அடி கீழே, சிமெண்ட் பட்டைகள் முடியும் இடத்தில், சரிவுக்குக் குறுக்காக. ஒன்றரை முழ அகலம், ஒன்றரைச் சாண் ஆழம். பிறகு அதைச் சின்ன ஜல்லியால் நிரப்பினாள். என்ன இது என்றேன். வடிகால் என்றாள். மழைத் தண்ணீர் பட்டைக்கு அடியில் மண்ணை அரிக்காமல் இருக்கவாம்.

வடிகாலுக்குப் போக்கிடம் வேண்டும். இது இரு முனையிலும் மூடியிருக்கிறது. தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். "பாத்துக்கலாம்மா" என்றாள். பதில் இல்லாத மாணவர்கள் சொல்லும் வார்த்தை. தரையில் குச்சியால் வரைந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சரிம்மா" என்றாள். மாலை போய்ப் பார்த்தேன். எதையும் மாற்றவில்லை.

பிடிவாதம். இதைக் கையெழுத்துக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

கேபிள் இன்னும் வரவில்லை. முதல் விருந்தினர்கள் அக்டோபர் இரண்டாம் தேதி வருகிறார்கள். திருப்பூரிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதி, வேனிலின் தோழியின் பெற்றோர். அனுமதி கிடைக்கும் முன் ஒரு வெள்ளோட்டமாக, காசு வாங்காமல் தங்க வைக்கிறாள்.

இரவுச் சாப்பாட்டின்போது, கையெழுத்தைப் பற்றி ஏதாவது முடிவு செய்தாயா என்று கேட்டாள். பத்தாம் தேதி என்றால் பத்தாம் தேதிதான் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவள் பாதியில் எழுந்து போனதைச் சின்னப்பொண்ணு பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் மோர் கேட்டேன்.

செப்டம்பர் 30

நாளை ஆயுத பூஜை. எனக்கு இதில் ஈடுபாடு இல்லை. கல்லூரி ஆய்வகத்திலும் பொரியும் சுண்டலும் தின்பதோடு சரி. ஆனால் சின்னப்பொண்ணு இன்றே எல்லாவற்றையும் திரட்டத் தொடங்கிவிட்டாள். ஸ்பானர்கள், ஜாக்கி, மண்வெட்டி, அரிவாள், காஸ் அடுப்பு. என்னிடமும் வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, உங்க தராசையும் நோட்டையும் குடுங்க. நாளைக்கு முழுக்க அது சாமிகிட்ட இருக்கட்டும். நாளான்னிக்கு மறுபூசை முடிச்சு எடுத்துக்கலாம்."

நாட்குறிப்புப் பூசையில் இருந்தால் எழுத முடியாது என்றேன். "ஒரு நாள் எழுதாட்டி என்னங்க ஆவப் போவுது?" என்றாள். விவாதிக்கவில்லை. இந்த வரியோடு ஒப்படைக்கிறேன்.

அக்டோபர் 2, வியாழன், காலை

மறுபூசை எட்டு மணிக்குத்தான் என்றாலும் நோட்டை மட்டும் கேட்டு வாங்கிவிட்டேன். தராசு தரமாட்டாளாம். இரும்பு வேறு, எழுத்து வேறு என்று அவளுக்கு ஒரு சட்டம் இருக்கிறது.

நேற்று நடந்ததை எழுதுகிறேன். கொட்டகையில் வாழையிலை விரித்து ஆயுதங்களை வரிசையாக வைத்திருந்தாள். அந்த வரிசையின் நடுவில், ஜாக்கிக்கும் என் தராசுக்கும் இடையில், நான்கு ரப்பர் கட்டைகளும். எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தாள். கடையில் வாங்கிய அன்றுகூட அவை அவ்வளவு கறுப்பாக மின்னவில்லை. நான் தேர்ந்தெடுத்த ஒரு பொருளுக்கு யாரும் பூ வைத்ததில்லை. சற்று நேரம் அங்கேயே நின்றேன். வேனில் அதைக் கைப்பேசியில் படம் எடுத்தாள். என்னையும் சேர்த்து எடுத்தாளோ என்று சந்தேகம்.

பிறகு வண்டிக்கு மாலை போட்டு, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கட்டைகளை எடுத்தபோதே பூட்டி வைத்திருந்த ஜீப்பால் வண்டியை ஓரடி மேலே இழுத்துப் பழத்தை நசுக்கி, திரும்பப் பழைய இடத்துக்கே இறக்கினாள் வேனில். வரிசையிலிருந்து கட்டைகளைச் சின்னப்பொண்ணுவே பொட்டு கலையாமல் ஏந்திக் கொண்டுவந்து சக்கரத்துக்கு வைத்தாள். ஜீப்பைக் கழற்றினோம்.

இன்று விடியலிலிருந்து தூறல். விருந்தினர்கள் பதினொரு மணிக்கு வருகிறார்கள். காலைச் சோதனை நேற்றும் இல்லை, இன்றும் இன்னும் இல்லை. எட்டு மணிக்குத் தராசு கிடைத்ததும் செய்ய வேண்டும். அதற்குள் உள்ளே போய்த் தலையணை உறைகளை மாட்டிவிடலாம்.

அக்டோபர் 2, மாலை

வரிசையாக எழுதுகிறேன்.

ஏழு இருபதுக்கு வண்டிக்குள் ஏறினேன். முன்பக்கத் தலையணைகளுக்கு உறை போட்டுவிட்டுப் பின்பக்கப் படுக்கைக்கு நடந்தேன். கால்களுக்கு அடியில் மெல்லிய உராய்வுச் சத்தம் கேட்டது. பக்கச் சன்னலில் ஒரு சில்வர் ஓக் மரம் மேட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மரம் நகராது என்று நினைவுக்கு வர ஒரு கணம் ஆயிற்று. பின் சன்னலில் பேருந்து நிறுத்தம் தெரிந்தது. நான்கு குடைகள். ஒன்று சிவப்பு, சிறியது, பள்ளிக்கூடக் குடை. எதையாவது பிடிக்க வேண்டும் என்று தலையணையைப் பிடித்தேன்.

பிறகு வண்டியின் பின்பக்கம் படீரென்று இறங்கியது. கல் நொறுங்குவது போன்ற சத்தம். நின்றது.

வேனில் வெறுங்காலோடு ஓடி வந்து கதவைத் திறந்தாள். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப அப்படியே உக்காரு. ஜீப்பைப் பூட்ற வரைக்கும் அசையாத."

அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதில்லை. அசையாமல் இருந்தேன். ஜீப் வந்து கொக்கி விழும் ஓசை, பழைய கருங்கற்களை அண்டக் கொடுக்கும் ஓசை, சங்கிலி மாட்டும் ஓசை. எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம் இருக்கும். ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. "இப்ப எறங்கு" என்றாள். இறங்கினேன்.

கீழ்ப்பக்கத்துக் கட்டைகள் இரண்டும் சக்கரத்துக்கு முன்னே வழுக்கிக்கொண்டே போய்ப் பட்டையின் ஓரத்தில் கிடந்தன. ஒன்றை எடுத்தேன், கையிலிருந்து நழுவியது. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய். சின்னப்பொண்ணு மஞ்சள் கையோடு வந்து நின்றாள்.

"நாந்தான் டீச்சரம்மா. கறுப்பு மினுங்கணும்னு ஒரு கை எண்ணெ எடுத்துத் தேச்சேன். எங்க வூட்டுக்காரரு வண்டி ரப்பருக்கெல்லாம் வருசா வருசம் தடவுறதுதான்."

வண்டிக்குப் பூசை செய்யும் எந்த வீட்டிலும் நடப்பதுதான். அது வழுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டியவள் நான். மழை, சேறு, சருகு என்று வானத்திலிருந்தும் மரத்திலிருந்தும் விழக்கூடிய எல்லாவற்றையும் சோதித்தேன். மனிதர் கையால் அன்போடு பூசக்கூடியதைச் சோதிக்கவில்லை. அதுவும் கண்ணெதிரே மின்னிக்கொண்டிருந்தது. நான் அதன் எதிரில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளிடம், பார்த்தும் பேசாமல் இருந்தது நான், தவறு என்னுடையது என்று சொன்னேன். நம்பவில்லை. மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் சக்கரங்களைப் பார்த்தேன். இரண்டும் ஜல்லிக்குள் பாதி வரை புதைந்திருந்தன. மூடிய முனைகள். போக்கிடம் இல்லாத வடிகால்.

"இது வடிகால் இல்ல" என்றேன்.

"இல்லம்மா."

"என் கட்டைமேல உனக்கு நம்பிக்கை இல்லையா?"

முகத்தில் வழிந்த மழையைப் புறங்கையால் துடைத்தாள். "இருந்துச்சு. ஆனா எத்தன சோதிச்சாலும் சோதிக்காத ஒண்ணு மிச்சம் இருக்கும்னு நீதான சொல்லுவ. கீழ பஸ் ஸ்டாப் இருக்கு."

"அத எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீ ரொம்ப சந்தோஷமா இருந்த. இவ்ளோ சந்தோஷமா உன்ன நான் பாத்ததே இல்ல. கெடுக்க மனசு வரல."

நழுவிக் கிடந்த கட்டையைக் குனிந்து எடுத்தேன்.

விருந்தினர்கள் சரியாகப் பதினொன்றுக்கு வந்தார்கள். ஜீப் பூட்டியிருக்கிறது, இப்போது ஆபத்தில்லை, காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது. வேனில் அவர்கள் காப்பி குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, ஒன்று விடாமல் சொன்னாள். புது கேபிள் வந்து சோதித்து முடிக்கும் வரை கேரவனில் யாரையும் தங்க வைக்கப் போவதில்லை, இன்று நீங்கள் கொட்டகையில் படுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் கூடாரம் போட்டுக்கொள்கிறோம் என்றாள். அந்தப் பெரியவர் எழுந்து போய்க் குழியைச் சுற்றி வந்து பார்த்தார். ஜல்லியைக் கையில் அள்ளிப் பார்த்தார். யார் யோசனை இது என்று கேட்டார்.

"என் மகளோடது" என்றேன். இந்த முறை ஒரே தடவைதான் சொன்னேன். எண்ணிக்கொண்டேன்.

அக்டோபர் 3

கட்டைகளைச் சீயக்காயும் சாம்பலும் போட்டு மூன்று முறை கழுவினோம், நானும் சின்னப்பொண்ணுவும். எண்ணெயோடு ஒன்றை விட்டுவைத்து முதலில் சோதித்தேன். நனைந்த சிமெண்டில் மூன்று கிலோ. கழுவியவை பதினொன்று. எண்களை அவளிடம் காட்டினேன். தராசை அவளே இழுத்துப் பார்த்தாள்.

"அடுத்த வருசம் பூசையில இதுங்கள வைக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டாள். வைக்கலாம், பொட்டு உண்டு, எண்ணெய் இல்லை என்றேன். அடுத்த வருடம் என்று அவள் சொன்னதை நான் மறுக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாள். நேரே போய் வேனிலிடம் ஏதோ பேசினாள்.

மாலை வீட்டில் இருக்கும் அவருக்கு அழைத்தேன். வண்டி உருண்டுவிட்டது என்று சொன்னேன்.

"அப்ப வேணாம்னு சொல்லிடப் போற."

"நின்னுடுச்சு."

"என்ன சொல்ற? உருண்டுச்சா, நின்னுச்சா?"

இரண்டும் என்றேன். முழுதும் கேட்டுவிட்டு, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "கேக்காமயே ஒரு குழி வெட்டி வெச்சிருக்கா பாரு. அப்படியே உன்ன மாதிரி" என்றார். நான் அப்படி யோசிக்கவில்லை. நான் கட்டையோடு நின்றுவிட்டேன்.

அக்டோபர் 6

கேபிள் வந்தது. கை பிரேக் பிடிக்கிறது. கட்டை, பிரேக், குழி என்று மூன்றையும் தனித்தனியாகச் சோதித்தோம். குழிக்குள் வண்டியை வேண்டுமென்றே மூன்று முறை உருட்டிவிட்டோம். மூன்று முறையும் நின்றது. பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர்களை முதலில் எதிர்ப்பக்கம் நகரச் சொல்லி, சின்னப்பொண்ணு சாலையில் கை நீட்டி நின்றாள். ஒரு பேருந்தையே நிறுத்திவிட்டாள்.

அக்டோபர் 8, புதன்

பத்தாம் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகவே குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டேன். நான் சேர்த்த நிபந்தனை ஒன்றுதான்: புதிதாக எத்தனை கேரவன் வந்தாலும் முதலில் குழி, பிறகு வண்டி. வேனில் படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். இதில் என்னைக் கொண்டிருக்கிறாள்.

விண்ணப்பத்தோடு இணைக்க நில வரைபடம் கேட்டேன். தன் நோட்டை நீட்டினாள். செப்டம்பர் பதினாறு என்று தேதியிட்ட பக்கம். நான் அரிசி மூட்டையோடு சோதனையில் இருந்த நாள். என் பதினான்குக்கு ஒன்று சரிவு, என் தொள்ளாயிரத்து நாற்பது கிலோ. இரண்டரை அடி உருண்டு வந்தால் வண்டிக்கு என்ன வேகம் இருக்கும், அதை நிறுத்தக் குழி எத்தனை ஆழம், எத்தனை அகலம், எல்லாம் கணக்கிட்டிருந்தாள். பக்கத்தின் ஓரத்தில் கட்டம் போட்டு ஒரு குறிப்பு: அம்மாவிடம் வடிகால் என்று சொல்லவும்.

சிவப்புப் பேனாவை எடுத்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். பிழை இல்லை. பக்கத்தின் அடியில் பத்துக்கு ஒன்பது என்று போட்டேன். எட்டிப் பார்த்தவள், எதற்கு ஒன்று குறைந்தது என்று கேட்டாள். ஜல்லியின் எதிர்ப்பை அளக்காமல் ஊகித்து எழுதியிருக்கிறாய் என்று அந்த வரியைக் காட்டினேன்.

"அதான் ரெண்டாந்தேதி அளந்தாச்சேம்மா, உன்ன உள்ள வெச்சு."

அந்த ஒன்றையும் போட்டேன்.